எரியுது, எரியேல்லை

உமாசுதனின் மனைவி துசானி வந்து இறங்க ஒரு கிழமை இருக்கையில் காரின் ஹீற்றர் ஃபான் நின்றுபோனது.

மனைவி என்று சொன்னாலும், லீவில் கொழும்புக்குப் போய்க் கலியாண எழுத்து முடித்த கையோடு அவளுடன் இருந்த சில நாட்கள்தான் அவன் கண்ட குடும்ப வாழ்க்கை. அதற்குப் பிறகு குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்று நின்று அவளுக்கு விசா எடுத்ததிலேயே காலம் போய்விட்டது. விசா வந்ததும் ரிக்கெற்றில் இடக்கு. ரோமிலிருந்து அவன் இருக்கும் பலெர்மோவுக்கு அன்றைக்கு இடமில்லை, கத்தானியாவுக்குத்தான் இருந்தது. கத்தானியா சிசிலித் தீவின் மறுகரையில் இருக்கிறது. இடையில் என்னா என்னும் மலை. தை மாதத்தில் அந்த உயரத்தில் மழையும் மூடுபனிப் புகாரும் குளிரும் ஒன்றாக நிற்கும்.

"அதுக்கென்ன, கார் இருக்குத்தானே" என்று அக்கா ஞானம்பிகை சொல்லியிருந்தாள்.

கார் இருந்தது உண்மை. அதில் பாதி உமாசுதனுடையது, மறுபாதி அக்காவின் கணவர் இராஜதுரையுடையது. ஆனால் ஓட்டுவது முழுதும் இராஜதுரைதான். உமாசுதன் லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையில் ஒருமுறைக்கு மேல் விழுந்திருந்தான். இத்தாலியன் நன்றாகக் கதைப்பான். ஆனால் கேள்விகளில் 'தவிர', 'அல்லாத', 'ஒருபோதும் இல்லை' என்று வரும் சின்னச் சொற்கள் ஒவ்வொரு தடவையும் அவனைக் கவிழ்த்துவிட்டன. ஆகவே அவன் பக்கத்து சீற்றில் இருப்பான். அத்தான் ஓட்டுவார்.

அன்று வேலை முடிந்து இருவரும் ஒரேத்தோவிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னேரமே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. வழியில் ஃபான் ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி முழுக்க உள்ளே புகார் படிந்துவிட்டது.

"துடையடா" என்றார் இராஜதுரை.

"துடைக்கிறன் அத்தான். துடைக்கத் துடைக்க மூடுது."

உமாசுதன் பழைய பேப்பரைக் கசக்கி, அத்தானின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி நீட்டித் துடைத்தான். "கையை எடு, எனக்கு றோட்டுத் தெரியேல்லை" என்று அவர் கத்தினார். கையை எடுத்தான். "ஏன் நிப்பாட்டினாய், துடை" என்று மறுபடியும் கத்தினார். அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்கு அப்பால் ஒரு நிழல் குறுக்கே போனது. இராஜதுரை பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. குடையுடன் ஒரு பெண். அவள் தன் உள்ளங்கையால் பொனெற்றில் ஓங்கி அடித்து, இருவருடைய தாய்மாரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

இராஜதுரை வெகுநேரம் காரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"இந்த ஃபான் வேலை செய்யாமல் நான் கத்தானியாவுக்கு வரமாட்டன்."

மறுநாளிலிருந்து எல்லாரும் வைத்தியர்கள் ஆனார்கள். மேல் மாடிக் கிழவர் பல்கனியிலிருந்து எட்டிப்பார்த்து ஃபியூஸ்தான் என்றார். ஃபியூசைக் கழற்றிப் பார்த்தார்கள், அது நன்றாக இருந்தது. ஆனாலும் புதிது போட்டார்கள். ஃபான் அசையவில்லை. மூலைக்கடை வெற்றிலைக்காரன் போல வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் மரக்கறி வியாபாரி, சுவிச்தான் என்றான். உமாசுதன் வேலை செய்யும் வீட்டுக்காரி, சின்யோரா, பலெர்மோவில் யாருக்கு ஹீற்றர் வேண்டும், கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள் என்றாள்.

கடைசியில் போர்கோ வெக்கியோவில் கார்களின் மின்வேலை பார்க்கும் மிம்மோவிடம் கொண்டுபோனார்கள். மிம்மோ டாஷ்போர்ட்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். நோயாளியின் வீட்டாரிடம் சொல்வது போலத் தலையை ஆட்டினான். மோட்டர் செத்துவிட்டது, புதிது வருவதென்றால் அடுத்த கிழமை ஆகும், பழையது கிடைத்தால் கொண்டு வாருங்கள், நானே போட்டுத்தருகிறேன் என்றான்.

உமாசுதன் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, நகரத்துக்கு வெளியே பழைய கார்களை உடைத்துக் குவித்திருக்கும் இடத்துக்குப் போனான். சேறு கணுக்கால் வரை ஏறியது. அதே மாதிரிக் கார் ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டு ஒரு மோட்டரைக் கழற்றி எடுத்து வந்தான். மிம்மோ அதை மாட்டிச் சுவிச்சைப் போட்டான். ஃபான் சுழன்று, காய்ந்த இலைத்தூளை இராஜதுரையின் முகத்தில் வாரி அடித்தது. அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

அடுத்த நாள் காலை ஃபான் மறுபடியும் நின்றுவிட்டது.

மிம்மோவிடம் திரும்பிப் போனபோது அவன் தன் மதியச் சாப்பாட்டை விட்டு எழும்பவும் இல்லை. நீங்கள் கொண்டுவந்த மோட்டரும் பழையதுதானே, அதுவும் செத்திருக்கும் என்றான். செத்த மோட்டர் எப்படி நேற்று முழுக்கச் சுழன்றது என்று உமாசுதன் கேட்டான். அப்படியானால் சுவிச்சாக இருக்கலாம், டாஷ்போர்ட் முழுக்கக் கழற்ற வேண்டும், அடுத்த கிழமை வாருங்கள் என்றான் மிம்மோ. அடுத்த கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் உமாசுதனுக்கு அங்கே கிடந்த ஸ்பானரை எடுத்து எதையாவது அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை இராச்சாப்பாட்டில் சண்டை வெடித்தது.

"எல்லாம் உன்ர பாட்டுப் பெட்டியாலை வந்தது" என்றார் இராஜதுரை. போன வருடம் உமாசுதன் தானே காரில் ஒரு கசெற் றேடியோ பூட்டியிருந்தான். "நல்லா இருந்த வயருகளை வெட்டி ஒட்டி, உள்ளுக்கை எதையோ குழப்பிப்போட்டாய்."

"றேடியோவுக்கும் ஃபானுக்கும் என்ன சம்பந்தம் அத்தான்? நீங்கள் தெரியாமல் கதைக்கிறியள்."

"எனக்குத் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். லைசென்ஸ் மட்டும் எடுக்கத் தெரியாது."

"இஞ்சாருங்கோ, விடுங்கோ. சாப்பிடுங்கோ" என்றாள் ஞானம்பிகை.

"நான் என்ன பிழையாச் சொன்னனான்? காரைத் தொடாதை எண்டுதான் சொல்லுறன்."

"பாதிக் கார் என்ர" என்றான் உமாசுதன். "பாதியைத் தொட எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு வர விருப்பமில்லையெண்டால் நேரே சொல்லுங்கோ. ஃபானைச் சாட்டாதையுங்கோ."

இராஜதுரை கையைக் கழுவ எழும்பியவர் திரும்பி நின்றார். "நான் கூப்பிட்டிருக்காட்டி நீ இண்டைக்கும் கொழும்பு லொட்ஜிலை பொலிசுக்கு ஒளிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பாய். கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை."

"ஓம், கூப்பிட்டனீங்கள். அதுக்குத்தானே வந்த நாள் தொட்டு உங்களுக்குக் கண்ணாடி துடைச்சுக்கொண்டிருக்கிறன்."

ஞானம்பிகை அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை உமாசுதன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிறிகோரியைத் தேடிப் போனான். கிறிகோரி மன்னார்க்காரன், அவனோடு முந்தி ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவியவன். அவன் இருந்த வீட்டில் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. உமாசுதன் ஏறிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம். சுவரில் ஈரம். வெளியே போகும்போது, "நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் வாறம்" என்றான்.

"அக்கா வீட்டிலைதானே வைச்சிருக்கப்போறன் எண்டு சொன்னனீ?" என்று கிறிகோரி கேட்டான்.

"இல்லை. இஞ்சைதான்."

கத்தானியாவுக்கு பஸ்ஸில் போய் வரலாம் என்று ஸ்தாசியோனே வாசலில் நேரம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. விமானம் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ரயிலும் அப்படித்தான். துசானி அந்நியமான விமான நிலையத்தில் பெட்டியோடு தனியே நிற்பாள். அவளுக்கு இத்தாலியனில் ஒரு சொல்லும் தெரியாது. கோபத்தோடு நடந்தே ஒரேத்தோவுக்கு வந்தான். வழியில் ஒரு கடையில் சின்ன பல்ப் ஒன்றும், அதைச் செருகும் ஹோல்டரும், கொஞ்சம் வயரும் வாங்கினான். எல்லாரும் சொன்னதைக் கேட்டாயிற்று. இனி ஒருவரும் சொல்ல வேண்டாம், காரே சொல்லட்டும் என்று நினைத்தான்.

கார் வீட்டுக்குப் பின்னால், மேல்மாடி பல்கனிகளின் கீழே நின்றது. மழை பலத்திருந்தது. பக்கத்து சீற்றை முடிந்தவரை பின்னால் தள்ளிவிட்டு, தலைகீழாக உள்ளே நுழைந்து, ஹீற்றர் பெட்டியின் மூடியைக் கழற்றினான். அப்போதுதான் திறப்பு அத்தானிடம் இருப்பது ஞாபகம் வந்தது. திறப்புப் போட்டுத் திருகாமல் ஃபானுக்குக் கரண்ட் வராது.

மேலே போய் அக்காவிடம் கேட்டான். "அத்தானிட்டைத் திறப்பை வாங்கித் தாங்கோ."

"நீயே கேள். நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் தபாற்காரியே?" என்றாள் அவள்.

அவன் கேட்கவில்லை. கீழே வந்து மறுபடியும் உள்ளே நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கக் கதவு திறந்தது. இராஜதுரை ஏறி, ஸ்ரியறிங்கின் முன்னால் இருந்து, திறப்பைப் போட்டுத் திருகினார். திறப்பை அவன் கையில் கொடுக்க மனமில்லை என்று தெரிந்தது.

உமாசுதனுக்கு அத்தானின் சப்பாத்து மட்டும் தெரிந்தது. மோட்டருக்குப் போகும் பிளக்கை இழுத்துக் கழற்றினான். அதில் இரண்டு வாய். பல்ப்பின் இரண்டு வயர்களையும் இரண்டு வாயிலும் வைத்தான்.

"போடுங்கோ" என்றான்.

"போட்டாச்சு."

"எரியேல்லை."

"அப்ப கரண்ட் வரேல்லை. றேடியோவிலைதான் எங்கையோ..."

"பொறுங்கோ."

நிமிர்ந்து, உடம்பை வளைத்து, டாஷ்போர்ட்டின் நடுவிலிருக்கும் சுவிச்சுக்குப் பின்னால் கையை விட்டான். பல்ப்பின் ஒரு வயரை அங்கே வைத்து, மற்றதைக் கதவின் இரும்பு ஆணியில் தொட்டான்.

"எரியுது" என்றார் இராஜதுரை. பல்ப் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"ஓவ் பண்ணுங்கோ."

"எரியேல்லை."

"போடுங்கோ."

"எரியுது."

சுவிச்சில் பிழையில்லை. மிம்மோ சொன்ன டாஷ்போர்ட் கதையும் அத்தோடு முடிந்தது. உமாசுதன் மறுபடியும் தலைகீழாகப் போனான். கழுத்து விறைத்துவிட்டது. காலைக் கதவுக்கு வெளியே நீட்டியிருந்ததால் காற்சட்டை முழங்கால் வரை நனைந்து ஒட்டியது. பிளக்கின் இரண்டு வாயிலும் மறுபடி வைத்தான். எரியவில்லை. இடம் மாற்றி வைத்தான். எரியவில்லை. பல்ப்பைத் தூக்கி எறியப் பார்த்தான். எறியப்போன கையில் ஒரு வயர் விலகி, காரின் வெறும் தகட்டில் பட்டது.

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

அவன் அப்படியே கிடந்தான். ஒரு வயர் பிளக்கில், மற்றது தகட்டில்: எரியுது. இரண்டும் பிளக்கில்: எரியேல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். பிறகு தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினான்.

"என்னடா?" என்றார் இராஜதுரை.

"கரண்ட் மோட்டர் வரைக்கும் ஒழுங்கா வருது அத்தான். திரும்பிப் போறதுக்குத்தான் வழியில்லை. எர்த் வயர் எங்கையோ விட்டுப்போச்சு."

"அப்ப மோட்டர்?"

"பழைய மோட்டரும் நல்ல மோட்டர்தான். நாங்கள் மாத்தேக்கை வயர் ஆடியிருக்கும். அதாலை ஒரு நாள் சுத்தியிருக்கு."

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே போனான். அது பெட்டியின் பக்கமாக இறங்கி, தரைவிரிப்பின் கீழே புகுந்தது. விரிப்பைத் தூக்கியபோது தண்ணீர் சொட்டியது. அதன் அடியில் காரின் உடம்போடு வயரைச் சேர்க்கும் ஒரு போல்ற், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் இருந்தது. வயரின் நுனி அதில் ஒட்டிக்கொண்டிருந்ததே ஒழிய வெறும் இரும்பைத் தொடவில்லை.

இராஜதுரை குனிந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போனார். ஒரு மூலையில் ரப்பர் வெடித்திருந்தது. விரல் நனைந்தது.

"மழைத்தண்ணி இதாலைதான் இறங்கியிருக்கு" என்றார்.

றேடியோவின் வயர்கள் மற்றப் பக்கத்தில், சுற்றின நாடாவும் குலையாமல் சுத்தமாக இருந்தன. உமாசுதன் அதை அவரே பார்த்துச் சொல்வார் என்று காத்திருந்தான். அவர் சொல்லவில்லை.

போல்ற் அசையவில்லை. ஸ்பானரை வைத்துத் திருகினான். அது வழுக்கி, விரல் மூட்டு தகட்டில் அடிபட்டுத் தோல் கிழிந்தது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் வழுக்கியது. அவன் காரையும், அதைச் செய்தவனையும், விற்றவனையும், மழையையும் சேர்த்துச் சிசிலியப் பாஷையில் வைதான். இராஜதுரை இறங்கிப் போய், ஞானம்பிகையின் தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தலோடு திரும்பி வந்து, போல்ற்றின் மேல் சொட்டினார்.

"கொஞ்சம் ஊறட்டும்" என்றார்.

இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய மூச்சில் கண்ணாடிகள் எல்லாம் மூடிக்கொண்டன. உமாசுதன் இரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு அந்தப் பொம்பிளை" என்று இராஜதுரை திடீரென்று தொடங்கினார். "பொனெற்றிலை அடிச்சாவே. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதை விட்டுப் போகேல்லை. இன்னும் ஒரு முழம் போயிருந்தா என்ன நடந்திருக்கும்? இஞ்சை இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோ போயிடும். மறியலிலை போடுவாங்கள். அக்காவை ஆர் பாக்கிறது? நான் வர விருப்பமில்லாமல் சொல்லேல்லை, சுதன். எனக்குப் பயம். ஸ்ரியறிங்கைப் பிடிச்சால் கை நடுங்குது."

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க உமாசுதனுக்கு வாய் வந்தது. லொட்ஜ் கதையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்றும் எதிர்பார்த்தான். அதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

"நான் ஸ்தாசியோனேக்குப் பக்கத்திலை ஒரு அறை எடுத்திட்டன் அத்தான்" என்றான். "நாளைக்கு அவளை அங்கைதான் கூட்டிக்கொண்டு போறன்."

இராஜதுரை மூடிப்போன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்குச் சொல்லிட்டியே?"

"இன்னும் இல்லை."

"அவ அறையை ஒதுக்கி, புது ஜன்னல் திரை எல்லாம் தைச்சு வச்சிருக்கிறா."

"தெரியும்."

அடுத்த தடவை ஸ்பானரை இராஜதுரை பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். போல்ற் கிறீச்சிட்டு இளகியது. உமாசுதன் வயர் நுனியையும் தகட்டையும் அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கினான். போல்ற்றை இறுக்கி, பிளக்கைச் செருகினான்.

"போடுங்கோ."

ஃபான் இரைந்தது. கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு சின்ன வட்டம் தெளிந்து, மெல்ல மெல்ல மேலே ஏறியது. பல்கனியில் நின்ற கிழவர் கை தட்டினார். காருக்குள் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். என்னா ஏற்றத்தில் புகார் றோட்டை விழுங்கியிருந்தது. லொறிகளின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. உள்ளே கண்ணாடி தெளிவாக இருந்தது. ஃபானின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, அது இருவருக்கும் வசதியாகவும் இருந்தது. இராஜதுரையின் கை நடுங்குகிறதா என்று உமாசுதன் இடையிடையே பார்த்தான். ஏற்றம் முடியும் வரை அவர் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

துசானி யாரோ கொடுத்த, அளவில்லாத பெரிய கோட்டுக்குள் நின்றாள். காலில் மெல்லிய செருப்பு. உமாசுதனைக் கண்டதும் சிரித்தாள். உடனே அழுதாள். இராஜதுரை கொஞ்சம் தள்ளி நின்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"குளிருதே?" என்று உமாசுதன் காரில் ஏறியதும் கேட்டு, ஃபானை முழுதாகத் திருப்பிவிட்டான். சூடான காற்று பின்சீற் வரை வீசியது. காய்ந்த தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்து மணத்தன. ஃபானை எப்படிக் கண்டுபிடித்தான் என்பதை அவளுக்கு இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திச் சொன்னான். மோட்டர், சுவிச், மிம்மோ, எர்த் என்று ஒன்றும் விடவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் தலையாட்டம் நின்றது.

"இஞ்சாருங்கோ" என்றாள் மெல்ல. "குறை நினைக்காதையுங்கோ. அந்தக் காத்தை நிப்பாட்டிப்போட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் திறக்கலாமோ? எனக்குப் பிரட்டிக்கொண்டு வருது."

உமாசுதன் ஃபானை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கியதும் மலைக்குளிர் முகத்தில் அறைந்தது. ஒரு கிழமையாகப் பட்ட பாடெல்லாம் ஒரு நிமிடத்தில் வீணாய்ப் போனது. யாரில் கோபிப்பது என்று தெரியவில்லை. இராஜதுரை காரை ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கி ஓடிப்போய் றோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். உமாசுதன் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். இராஜதுரை தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்.

"முகத்தைக் கழுவு பிள்ளை. விமானத்திலை சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

"ஹீற்றர் எண்ணெய் மணம் அண்ணை" என்றாள் அவள் பாவமாக.

இராஜதுரை சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உமாசுதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் காரில் ஏறிய பிறகு, இராஜதுரை வெளியே நின்று கேட்டார். "அந்த அறை ஸ்தாசியோனேக்கு எந்தப் பக்கம்? நேரே அங்கையே இறக்கிறது?"

அவர் கோபத்தோடு கேட்கவில்லை. அதனால் பதில் சொல்வது உமாசுதனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"முதல் அக்கா வீட்டை போவம்" என்றான். "அக்காவுக்கு நானே சொல்லவேணும். சாப்பிட்டிட்டு, பிறகு போறம்."

"போகத்தான் போறியளோ?"

"ஓம் அத்தான்."

இராஜதுரை தலையை ஆட்டினார். பலெர்மோ வரும்வரை கண்ணாடி திறந்தபடியே வந்தார்கள்.

உமாசுதன் சொன்னதை ஞானம்பிகை கேட்டுவிட்டு, துசானியின் கோப்பையில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள். பிறகு தைத்து வைத்திருந்த திரையை மடித்து ஒரு பையில் வைத்து அவளிடம் கொடுத்தாள். "அங்கை ஜன்னல் பெரிசோ சின்னனோ எனக்குத் தெரியாது. காணாட்டிச் சொல்லு" என்றாள். தம்பியின் பக்கம் அவள் திரும்பவில்லை.

பொழுதுபடும் நேரத்தில் இராஜதுரை அவர்களை ஸ்தாசியோனே பக்கம் கொண்டுபோய் இறக்கினார். மாடிப்படி ஒடுக்கம். பெரிய பெட்டியை இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும். இராஜதுரை முன்பக்கம் பிடித்தார், உமாசுதன் பின்பக்கம்.

"உயர்த்து" என்றார் இராஜதுரை.

"உயர்த்திட்டன். நீங்கள்தான் இடிக்கிறியள்."

"நான் இடிக்கேல்லை. நீ தள்ளுறாய்."

துசானி திரைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருவருக்கும் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.